பெயரில்லா இழைகள்

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி கண்ணால் கண்டு முடிச்சிட்டுவிடுவார். கணிப்பொறி நிரலின் இழைகளில் அது நடவாது. ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் நடைபெறும் தனித்தனி வேலைத் தொடர்களையே இழைகள் என்கிறோம். முப்பது இழைகள் ஓடும் நிரல் திடீரென நின்றுவிட்டால், எந்த இழை எந்தப் பூட்டுக்காகக் காத்து நிற்கிறது என்று அறிய வேண்டும். அதற்கு அடையாளம் தேவை. இந்த எளிய தேவையில் இயங்குதளங்கள் காட்டிய அலட்சியம் வியப்பூட்டுகிறது.

லினக்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் கருவகம் ஒவ்வோர் இழைக்கும் ஓர் எண் தருகிறது. இழை நூலகம் தருவதோ வேறோர் அடையாளம். பாஸிக்ஸ் தரத்தின்படி இது எண்ணாகவே இருக்க வேண்டியதில்லை. இழை முடிந்தபின் புதிய இழைக்கும் இதே அடையாளம் போய்ச் சேரலாம். கண்காணிப்புக் கருவிகள் காட்டுவது முதலாவதை. நிரலருக்கு எளிதில் கிட்டுவது இரண்டாவது. கருவக எண்ணைக் கேட்டுப் பெறும் நேர்வழி குனு சி நூலகத்தில் 2019-இல்தான், 2.30ஆம் பதிப்பில், வந்தது. அதுவரை கொல்லைப்புற வழிதான்!

பெயர் சூட்டலாமே என்பீர்கள். சூட்டலாம்; இடம் 16 பைட். முடிவுக் குறிக்கு ஒன்று போக மிச்சம் 15. தமிழில் சூட்டினால்? யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆகும். புள்ளிக்கும் உகரக் கொக்கிக்கும்கூடத் தனிக் கணக்கு. ‘அச்சு’ என்ற பெயர் சரியாக 15 பைட்டில் அடங்கிவிடும். ‘எழுத்து’ 21 பைட் கேட்கும், நூலகம் மறுத்துவிடும். பெயரே சூட்டாவிட்டால், புதிய இழை தன்னைப் பெற்ற இழையின் பெயரையே சுமந்து திரியும். பட்டியலில் முப்பது வரியிலும் ஒரே பெயர்!

விண்டோஸின் பழைய வழி இதைவிட விசித்திரம். பெயரை அறிவிக்க நிரல் ஒரு போலி இடர்நிலையை எழுப்ப வேண்டும். பிழைதேடு கருவி அக்கணம் இணைந்திருந்தால்தான் பெயர் பதிவாகும். 2016-இல் விண்டோஸ் 10-இன் ஒரு பதிப்பில்தான் முறையான வழி பிறந்தது.

ஜாவா தொடக்கத்திலிருந்தே பெயருக்கு இடமளித்தது, பாராட்டத்தக்கதே. ஆனால் நிரலர் சோம்பினால் அது தானே வைக்கும் பெயர் ‘த்ரெட்-7’ போன்றது. இதனால் யாருக்கு என்ன விளங்கும்? இழை எண்ணைத் தரும் செயற்கூற்றையும் உப வகுப்பு ஒன்று மாற்றி எழுதிப் பொய் சொல்ல வைக்கலாம். மாற்ற முடியாத செயற்கூறு 2022-இல் ஜாவா 19-இல்தான் சேர்ந்தது. மறு ஆண்டு ஜாவா 21-இல் நிலைபெற்ற மெய்நிகர் இழைகளை இலட்சக்கணக்கில் உருவாக்கலாம். நாமாகச் சூட்டினாலொழிய அவற்றின் பெயர் வெற்றுச் சரம்தான்.