வாத்தியார் வைத்த புள்ளி

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டபோது, ஓவியத்தைப் பற்றி எழுதட்டுமா என்றேன். "தாராளமா எழுதுங்க சார், ஆனா எங்களுக்கும் புரியணும்" என்றார் செயலாளர். அந்த நிபந்தனையை ஏற்றே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மும்பை காலா கோடாவில் ஓர் ஓவியக் கண்காட்சிக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். சையத் ஹைதர் ரஸாவின் 'பிந்து' ஓவியம் ஒன்றின் முன்னால் அம்மா நின்றுவிட்டார். கான்வாஸ் நடுவே பெரிய கரும்புள்ளி. "யாரோ புள்ளி மட்டும் வெச்சுட்டு, இழை போடாம எழுந்து போயிட்டாப்ல இருக்கேடா!" என்றார். சிரித்தேன். வீடு திரும்பிய பிறகுதான் அதைவிட நல்ல விமர்சனம் ஒன்றை நான் படித்ததில்லை என்று தோன்றியது.

அந்தப் புள்ளிக்கு ஒரு கதை உண்டு. ரஸா 1922இல் மத்தியப் பிரதேசத்தின் மாண்ட்லா மாவட்டத்தில் பிறந்தவர். தந்தை வனத்துறையில் இருந்தார். பள்ளியில் கவனம் சிதறிய சிறுவனைத் தலைமையாசிரியர் நந்தலால் ஜாரியா அடிக்கவில்லை. தாழ்வாரச் சுவரில் ஒரு புள்ளி வைத்து, "இதையே பார்" என்றார். அந்தச் சிறுவன் பம்பாய்க்குப் போய், 1950இல் பாரிஸுக்குப் போய், 1956இல் அங்கே விமர்சகர் பரிசையும் வாங்கினான். எல்லாம் முடிந்து, 1970களின் இறுதியில்தான் அந்தப் புள்ளி கான்வாஸுக்கு வந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் கடன்!

பழந்தமிழில் 'நன்றி' என்பது நாம் இன்று வாயால் சொல்லும் சொல் அன்று. ஒருவர் செய்த நன்மையையே அது குறித்தது. அதனால்தான் வள்ளுவர் தம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றியறிதல்' என்று பெயரிட்டார். நன்றியை அறிய வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. ரஸாவின் பிந்துவை நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஆசிரியரின் உருவத்தை அவர் வரையவில்லை. ஆசிரியர் கற்றுத்தந்த பார்வையை வரைந்தார்.

இன்னொரு கடனும் உண்டு. 1940களில் பம்பாயில் அச்சுக்கட்டை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர் ரஸா. அவரையும் அவர் தோழர்களையும் கைதூக்கிவிட்டவர்களில் மூவர் முக்கியமானவர்கள்: வீட்டுக் கதவைத் திறந்து வைத்த ஓவியர் வால்டர் லாங்ஹாம்மர், பத்திரிகையில் எழுதிய ரூடி வான் லைடன், படங்களை வாங்கிய எமானுவேல் ஷ்லெசிங்கர். மூவருமே நாஜிகளின் ஐரோப்பாவை விட்டு வந்தவர்கள். ஊர்விட்டு வந்தவனுக்கு ஊர்விட்டு வந்தவனே இடம் கொடுத்தான். பம்பாய்க்காரர்களாகிய நமக்கு இது புதிய செய்தி அல்லவே!

ரஸாவும் வாங்கியதோடு நிற்கவில்லை. 2001இல் தம் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைத்தார். இளம் ஓவியர்களுக்கும் கவிஞர்களுக்கும் அது இன்றுவரை கைகொடுக்கிறது. 2016இல் தில்லியில் மறைந்தவரை, அவர் விருப்பப்படியே, மாண்ட்லாவில் தந்தையின் கல்லறைக்கருகே அடக்கம் செய்தார்கள்.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் இது விமர்சனம் ஆகாது. கடைசிக் காலத்துப் பிந்துக்கள் பலவற்றில் எனக்குச் சலிப்பே வருகிறது. திரும்பத் திரும்ப வரைவதை அவர் ஜபமாலை உருட்டுவதோடு ஒப்பிட்டார். இருக்கட்டும். ஆனால் ஜபத்திலும் மனசு விலகி, விரல் மட்டும் உருட்டும் நேரம் உண்டு. 1981இல் வரைந்த 'மா' என்ற ஓவியத்தில் அம்மாவை நோக்கிய ஓர் இந்திக் கவிதை வரியை எழுதியிருக்கிறார். அங்கே புள்ளி வலிக்கிறது. பிந்தைய பலவற்றில் அது அழகாக மட்டும் இருக்கிறது. நன்றி சடங்காகும் இடம் அதுதான். கோலமும் தினம் போடுவதுதானே என்று கேட்கலாம். ஆனால் வாசலில் நேற்றைய கோலத்தை அழித்துவிட்டல்லவா இன்றையதைப் போடுகிறோம்!

இந்தக் குற்றச்சாட்டு என் பக்கமும் திரும்புகிறது. 1979இல் நான் தாதரில் இறங்கியபோது, மாட்டுங்காவில் ஏற்கெனவே ஐந்து பேர் படுத்த அறையில் ஆறாவதாக எனக்குப் பாய் போட இடம் கொடுத்தார் ஒருவர். மூன்று மாதம் வாடகை கேட்கவில்லை. வேலை கிடைத்து வெளியேறிய பின் நான் அவரைப் போய்ப் பார்க்கவே இல்லை. ஆண்டுதோறும் இம்மலரின் கடைசிப் பக்கத்து நன்றிப் பட்டியலுக்கு மெய்ப்புத் திருத்துகிறவன் நான்தான்!

வாத்தியார் கதையைச் சொன்னதும் அம்மா கேட்டார்: "சரி, அவர் வாத்தியாரை மறக்கலை. நீ யாரை மறந்திருக்கே?"

புள்ளி வைத்தவர்கள் போய்விட்டார்கள். இழை போட வேண்டியவர்கள் நாம்தான்.