பேசச் சொல்கிறவர் யார்?

'டீம்' பற்றிய நிர்வாகக் கதையாடல்கள் பெரும்பாலும் ஹாதார்னைத்தான் மூலக்கதையாகக் கொள்கின்றன. சிக்காகோவை ஒட்டிய சிசெரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆலை அது. 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகளிலிருந்து, எல்டன் மேயோவின் பெயரால், ஒரு பாடம் உருவாக்கப்பட்டது: வெளிச்சம், கூலி இதெல்லாம் இரண்டாம்பட்சம், தொழிலாளியைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேளுங்க, குழுவாக உணரவையுங்க, உற்பத்தி தானாகக் கூடும்.

இந்தப் பாடம் மறைப்பது என்ன? 1927இல் ரிலே பூட்டும் சோதனை அறையில் ஆறு பெண்களை உட்காரவைத்தார்கள். தாராளமாகப் பேசலாம் என்றார்கள். பேசினார்கள். 1928 ஜனவரியில் அவர்களில் இருவரை வெளியேற்றி வேறு இருவரைக் கொண்டுவந்தார்கள். சொல்லப்பட்ட குற்றம்: அளவுக்கு மீறிப் பேச்சு! அந்தச் சிறு குழுவின் உற்பத்தியை மட்டும் வைத்துக் கூலி கணக்கிடப்பட்டதையும் பாடம் அடக்கியே வாசிக்கிறது.

1931-32இல் இன்னொரு அறை. ஒயர் பூட்டும் 14 ஆண்கள். இவர்களுக்கு யாரும் 'டீம்' கட்டித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வேலை என்று தங்களுக்குள்ளேயே வரம்பு வைத்திருந்தார்கள். மீறுகிறவனுக்குப் புஜத்தில் ஒரு குத்து. மேலே போட்டுக்கொடுக்கிறவனை யாரும் மதிப்பதில்லை. ரொம்பச் செய்தால் ரேட்டைக் குறைப்பான், ஆளைக் குறைப்பான் என்ற பயம். ஆய்வாளர்கள் இதைத் தர்க்கத்துக்கு அப்பாற்பட்ட உணர்ச்சி என்று எழுதினார்கள். 1932 மே மாதம் அந்த அறையே மூடப்பட்டது, வேலை இல்லை என்று.

ஆக, குழுவும் உரையாடலும் அங்கே இருக்கத்தான் செய்தன. முதலாளிக்குக் கேட்காத உரையாடல் என்பதால் அது நோயாகப் பெயரிடப்பட்டது.

நிர்வாகமே ஆட்டிவைக்கும் தொழிலாளர் அமைப்புகளை 1935இல் வாக்னர் சட்டம் தடைசெய்தது. 1989இல் இந்தியானா மாநிலத்து எல்கார்ட்டில் எலக்ட்ரோமேஷன் என்ற கம்பெனி ஐந்து 'செயல் குழுக்கள்' அமைத்தது. ஒன்றின் பொருளே தகவல் தொடர்பு. என்ன பேசலாம் என்பதை நிர்வாகமே வகுத்தது. இது சட்டவிரோதம் என்று 1992இல் தேசியத் தொழிலுறவு வாரியம் தீர்ப்பளித்தது. தடையைத் தளர்த்த 1996இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவின் சுருக்கப்பெயர் என்ன தெரியுமா? 'டீம்'. கிளிண்டன் அதை ரத்து அதிகாரத்தால் நிறுத்தினார்.

'அப்ப, வேலைத்தலத்தில் பேச்சே வேண்டாங்கிறீங்களா?' என்று நண்பர்கள் கேட்கலாம். எந்திரம் எப்போது கை நசுக்கும் என்பதை அதனருகே நிற்பவர்தான் முதலில் அறிவார்; அவர் பேசாவிட்டால் உயிர் போகும். பேச்சு வேண்டும். கூட்டத்தைக் கூட்டுவது யார், பொருளைத் தீர்மானிப்பது யார், 'முடியாது' என்றவர் மறுநாளும் வேலைக்கு வர முடிகிறதா என்பவைதான் கேள்விகள். 'வெளிப்படையாப் பேசுங்க தோழர்' என்று அழைக்கிற நம் சங்கங்களும் சிறுகுழுக்களும் இதே கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.