மூன்றாம் வாரத்துப் பழுப்பு

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்தாலும் கூப்பிடாமலேயே போய் நிற்பார்கள். எனக்கும் அது உண்டு. ஆனால் கோமாளி மீன் வந்து தொட்டி களைகட்டிய பிறகு போவதில் எனக்கு ருசி இல்லை. மூன்றாம் வாரம் போக வேண்டும்.

ஒரு நண்பர் வீட்டுக்கு அப்படித்தான் போனேன். நாலடித் தொட்டி. பாறை அடுக்கியதில் நல்ல கை தெரிந்தது. நட்ட நடுவில் குவிக்காமல் ஒருபக்கமாகச் சாய்த்து, குகைபோல் சந்து விட்டிருந்தார். அந்தப் பாறைமேல், மணல்மேல், கண்ணாடிமேல் எல்லாம் காபித்தூளைச் சலித்துத் தூவினாற்போலப் பழுப்பு.

"காலையில துடைக்கிறேன், சாயங்காலம் திரும்ப வந்துடுது. எல்லாத்தையும் கொட்டிடலாமானு இருக்கு சார்."

"கொட்டாதீங்க. ஒரு சொட்டு மட்டும் எடுத்துக் கொடுங்க."

அவர் மகளிடம் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. 400 மடங்கில் பார்த்தோம். தேன் நிறத்தில் சின்னச் சின்ன ஓடங்கள், துடுப்பில்லாமல் நழுவிப் போய்க்கொண்டிருந்தன. டையாட்டம்! ஒற்றைச் செல் பாசி. ஒவ்வொன்றுக்கும் சிலிக்காவில் செய்த கண்ணாடிக் கூடு. சம்புடமும் மூடியும்போலப் பொருந்தும் இரண்டு பாதிகள். ஒன்று இரண்டாகும்போது ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும்படி புதுப் பாதியைச் செய்துகொள்ளும். பழைய சம்புடம் மூடியாகிவிடுவதால் அந்தக் கிளை தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் கூட்டையே உதறிவிட்டு மறுபடி முழு அளவில் தொடங்கும். ஜெர்மனியின் வேடெல் ஊரில் யோஹான் டீட்ரிக் மோலர் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் ஒரே கண்ணாடித் தகட்டில் 4,000க்கும் மேற்பட்ட டையாட்டங்களை வரிசை பிசகாமல் அடுக்கிவைத்தார். சும்மாவா செய்திருப்பார்? நம் ஆள் அதைத்தான் தினமும் ஸ்பான்ஜால் துடைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டுக்கு வேண்டிய சிலிக்கா தண்ணீரில்தான் வந்திருக்கும் என்றேன். "ஆர்.ஓ. தண்ணிதான் சார் ஊத்தினேன். டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டுச்சே!" காட்டும். கரைந்த சிலிக்கா பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாமல் இருப்பதால் மீட்டர் கண்ணில் படாது. ஆர்.ஓ. விட்டுவைப்பதை அதற்கு அடுத்து வைக்கும் வடிகட்டி ரெசின்தான் பிடிக்க வேண்டும். ரெசின் தளர்ந்தால் முதலில் தப்பி ஓடுவதில் சிலிக்காவும் ஒன்று. போட்டிக்கு வேறு பாசி இன்னும் குடியேறாத புதுத் தொட்டி, பகலெல்லாம் வெளிச்சம். டையாட்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

இந்த இடத்தில்தான் ஒருவரின் கைப்பக்குவம் தெரியும் என்பேன். மருந்து ஊற்றுகிறவர், மணலைக் கிளறுகிறவர், தினமும் பாதித் தண்ணீரை மாற்றுகிறவர் எல்லோரும் தொட்டியைத் திரும்பத் திரும்ப முதல் நாளுக்கே இழுத்துக்கொண்டு போகிறார்கள். நண்பர் ரெசினை மாற்றினார். 10 மணி நேர விளக்கை 6 மணி நேரமாகக் குறைத்தார். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது மட்டும் மேல்படலத்தைக் குழாய் வைத்து உறிஞ்சினார். எட்டு நெரைட் நத்தைகளை விட்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியாகச் சொன்னதுதான் சிரமம்.

நத்தை மேய்வதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். வாய் திறந்து மூடும். அரம் போன்ற நாக்கு ஒரு இழுப்பு இழுக்கும். தலை இடமும் வலமும் அசையும். பின்னால் பழுப்பில் வளைந்து வளைந்து ஒரு சுத்தமான கோடு. மறுநாள் காலையில் கண்ணாடி முழுக்க அந்தக் கிறுக்கல்தான். நல்ல கோலத்தைப் பார்த்து நின்ற மாதிரி நின்றிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பழுப்பு சளிபோல இழையிழையாகத் தொங்கி, நுனியில் குமிழி கட்டி, நத்தைகளும் சாக ஆரம்பித்தால் அது டைனோஃப்ளாஜெல்லேட்டாக இருக்கலாம். அதற்கு இந்தப் பொறுமை உதவாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏழாம் வாரம் மறுபடி போனேன். மணல் வெளுத்திருந்தது, பாறையில் இளம்பச்சை ஏறியிருந்தது. முன்கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பின்கண்ணாடியை மட்டும் அவர் துடைப்பதில்லையாம். நத்தைகளுக்கென்று விட்டுவைத்திருக்கிறார்.