புற்றுநோய் ஜீனும் சுழிப்பிழையும்

‘புற்றுநோய்க்குப் புதிய ஜீன் கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பைச் செய்தித்தாளில் நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். எந்த ஜீன் என்று படிக்கிறோம். எந்தக் கருவியால் கண்டார்கள் என்று கேட்பதில்லை. நான் உயிரியல் படித்தவன் அல்லன். ஆனால், திருகு அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் சுழிப்பிழையைப் பார் என்று மாணவரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்ட இயற்பியல் ஆசிரியனுக்கு அந்தக் கேள்விதான் முதலில் எழுகிறது.

முறை எளியதே. மனிதச் செல்லில் ஏறத்தாழ 20,000 ஜீன்கள் உள்ளன. ஆய்வுக்கூடத்தில் வளரும் புற்றுச் செல்களில், ஒரு செல்லுக்கு ஒரு ஜீன் வீதம் முடக்குகிறார்கள். சில வாரங்களில் எந்த ஜீனை இழந்த செல்கள் குறைந்தனவோ, அந்த ஜீன் புற்றின் உயிர்நாடி. அதைத் தடுக்க மருந்து தேடலாம் என்பது வாதம்.

முடக்குவதற்கு முதலில் பரவலாகக் கையாண்ட கருவி, 1998-இல் புழுக்களில் விளக்கப்பட்ட ஆர்.என்.ஏ. குறுக்கீடு. ஜீனின் ஆணையைச் சுமந்து செல்லும் ஆர்.என்.ஏ.யை இது அழிக்கிறது. ஓரளவு ஒத்த வேறு ஜீன்களின் ஆணையையும் சேர்த்து அழித்துவிடுவதுதான் தொல்லை. செல் சாகும், பழி தவறான ஜீன்மேல் விழும்.

‘மெல்க்’ என்ற ஜீனைப் பாருங்கள். மார்பகப் புற்றுச் செல்களுக்கு அது இன்றியமையாதது என்று இக்கருவியால் செய்த சோதனைகள் கூறின. அதைத் தடுக்கும் ஓ.டி.எஸ்.167 என்ற மருந்து நோயாளிகளிடமே சோதனைக்கு வந்துவிட்டது. 2017-இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஜேசன் ஷெல்ட்சர் குழுவினர், கிரிஸ்பர் என்ற புதிய கருவியால் அந்த ஜீனையே வெட்டிச் சிதைத்துப் பார்த்தனர். செல்கள் முன்போலவே வளர்ந்தன! மெல்க் இல்லாத செல்களையும் அம்மருந்து கொன்றது. அப்படியானால் அது வேறெதையோ தாக்கிக்கொண்டிருந்தது. (அக்குழுவில் முன்நின்று உழைத்தவர்களில் பட்டம் பெறாத கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். மாணவ நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) 2019-இல் இதே குழு வேறு 10 மருந்துகளிலும் இத்தகைய குறையைக் காட்டியது.

கிரிஸ்பர் மட்டும் பிழையற்றதா? இல்லை. புற்றுச் செல்லில் சில ஜீன்கள் பல பிரதிகளாகப் பெருகியிருக்கும். அங்கே கிரிஸ்பர் வெட்டினால் டி.என்.ஏ. ஒரே சமயத்தில் பல இடங்களில் அறுபடும். ஜீன் முக்கியமற்றதாயினும் அந்தக் காயத்தாலேயே செல் தளரும். இது 2016-இல் தெரியவந்தது.

கருவியில் பிழை இருப்பது குற்றமன்று. ஒரே கருவியின் அளவீட்டை நம்பி நோயாளிவரை போனதைத்தான் நான் குறை சொல்கிறேன். 2019-இல் ஒருவகைப் புற்றுகளுக்கு டபிள்யூ.ஆர்.என். என்ற ஜீன் இன்றியமையாதது என்று இரு கருவிகளும் ஒரே விடை தந்தன. தனித்தனிக் குழுக்களும் அதையே கண்டன. அதைத் தடுக்கும் மருந்துகள் அதன் பிறகே நோயாளிகளிடம் சோதனைக்கு வந்தன.