பாராங்கும் புள்ளிகளும்

கிளேபாங் தேங்காய் ஷேக் கடையில் இளநீர் சீவுபவரின் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பாராங் கத்தி சரக்கென்று இறங்கி, விரலுக்கு ஒரு நூல் முன்னால் நிற்கும். அந்த ஒரு நூலைச் சொல்வது இரட்டைக் கண். சந்தேகமா? ஒரு கண்ணை மூடி ஊசி கோத்துப் பாருங்கள்.

இந்த ஆழ உணர்வு இருக்கிறதா என்று மூளையிடமே கேட்கலாம். பின்மண்டையில் குளுகுளுவென்று பசை தடவி, குட்டி மின்முனைகளை ஒட்டுகிறார்கள். சிவப்பு-பச்சைக் கண்ணாடிக்கு அப்பால் புள்ளிகள் உலைநீராய்க் கொதிக்கும். ஒற்றைக் கண்ணுக்கு வெறும் இரைச்சல். இரண்டும் சேர்ந்தால் நடுவே ஒரு சதுரம் மெல்ல எழும்பி மிதக்கும். உடனே மூளையில் சில மைக்ரோவோல்ட் சிலிர்ப்பு. ஒரு கண்சிமிட்டலே அதை மூழ்கடித்துவிடும். ஆகவே திரும்பத் திரும்பக் காட்டி, சராசரி எடுத்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பிரிக்கிறார்கள். 1981-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த முறையில் பேச்சு வராத கைக்குழந்தைகளே பதில் சொன்னார்கள், பெரும்பாலும் 10 முதல் 19 வார வயதுக்குள்.