கொற்கையில் விலை சொல்வது யார்?

ஜோ டி குருஸின் ‘கொற்கை’யைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டு விஷயம் தவறாமல் வரும். ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிற தடிமன் ஒன்று. எந்தப் பாத்திரமும் மனசில் தங்கவில்லை என்கிற புலம்பல் இன்னொன்று. இரண்டும் நியாயம்தான். ஆனா அந்தப் புலம்பலுக்குள் ஒரு வாசிப்புப் பழக்கம் ஒளிந்திருக்கிறது. கடற்கரை நாவல் என்றால் அலை, சாவு, சாராயம், மாதா கோயில், ஒரு தோற்ற காதல் என்று எதிர்பார்த்துப் போகிறோம். சரக்கு, கூலி, வட்டி என்று பேச்சு திரும்பினால் பக்கத்தைத் தள்ளிவிடுகிறோம். அப்படித் தள்ளப்படுகிற பக்கங்களில்தான் ‘கொற்கை’ இருக்கிறது என்பது என் கட்சி.

2009இல் வந்த நாவல். 2013இல் சாகித்ய அகாதெமி விருது. கதை 1914இலிருந்து 2000 வரை ஓடுகிறது. எழுதியவர் உவரிக்காரர், பிழைப்புக்குக் கப்பல் தொழிலில் இருந்தவர். இந்தக் கடைசித் தகவலை விமர்சகர்கள் ஒரு சுவாரசியத் துணுக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். என்னைக் கேட்டால் நாவலுக்கான சாவியே அதுதான். தோணியை அழகான பாய்மரக் காட்சியாக மட்டும் பார்க்கிறவருக்கு இப்படி எழுத வராது. யாருடைய சரக்கு, எந்தக் காற்றில் கிளம்பும், கொழும்பில் இறக்க எத்தனை நாள் பிடிக்கும், லாபம் யார் கைக்குப் போகும் என்று தெரிந்தவர் எழுதிய கதை இது.

நாவல் தொடங்குகிற வருஷத்தைக் கவனியுங்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1911இல், சுதேசிக் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டாயிற்று. 1906இல் வ.உ.சி. ஆரம்பித்த கம்பெனியைப் பாடப்புத்தகம் தேசபக்திக் கதையாகவே சொல்லித் தருகிறது. நடந்தது கட்டணப் போரும்தான். தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி டிக்கெட் விலையை அடிமட்டத்துக்கு இறக்கியது. நஷ்டத்தை எத்தனை காலம் தாங்க முடியும் என்பதுதான் போட்டி. பெரிய முதல் உள்ளவன் தாங்குவான். வ.உ.சி.யை 1908இல் சிறையில் போட்டது ராஜாங்கம். கம்பெனியைச் சாய்த்ததில் அந்தக் கட்டணக் கணக்குக்கும் பங்கு உண்டு. நீராவிக் கப்பல் எடுத்தது போக மிச்சத் தடத்தில் ஓடிய தோணிகளின் கதை அதற்குப் பிந்தியது.

முத்துக்கு வருவோம். இந்தக் கரையின் முத்து ‘பெரிப்ளஸ்’ காலத்திலேயே ரோமாபுரிக்குப் போனது என்று பெருமை பேசுவோம். குளித்தவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது குறைவு. ஆங்கிலேயர் காலத்துச் சலாபத்தில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளியாளிகளுக்கு. சர்க்கார் பங்கை ஆயிரம் ஆயிரமாகக் கரையிலேயே ஏலம் போடுவார்கள். சிப்பியைத் திறக்காமலே விலை! உள்ளே முத்து இருக்கா, இல்லையா, யாருக்கும் தெரியாது. ஒருவிதச் சூதாட்டம்தான். வெளியூர் வியாபாரி ஒரு ஏலத்தில் விட்டதை இன்னொன்றில் பிடித்துவிடலாம். மூச்சை அடக்கிக் கீழே போனவனுக்கு அந்த வசதி கிடையாது.

ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து நம் முத்தை அழித்தது என்று ஒரு கதை உலவுகிறது. குவைத்துக்கும் பஹ்ரைனுக்கும் அது பெருமளவு பொருந்தும். 1920களில் மிக்கிமோட்டோவின் முத்து ஐரோப்பியச் சந்தைக்கு வந்ததும், உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டு அங்கே முத்துத் தொழிலைப் படுக்கவைத்தன. தூத்துக்குடியில் முடிவு வேறு மாதிரி. பார்களில் சிப்பியே இல்லாமல் போனது. கடைசிச் சலாபம் 1961. பிறகு 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இதே தூத்துக்குடியில் முத்து வளர்த்தும் காட்டியது. சோதனைக்கூடத்தில் ஜெயித்தது, கரையில் பெரிய தொழிலாக நிற்கவில்லை.

‘கொற்கை’யில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இந்த இடம்தான். பரதவர் கையிலிருந்து தொழில் நழுவுவதை வருஷம் வருஷமாகக் காட்டுகிற நாவல், காரணம் என்று வரும்போது ஆட்களின் குணத்துக்குள் போய்விடுகிறது. ஒருவனின் ஊதாரித்தனம், இன்னொருவனின் துரோகம், மேசைக்காரர்களின் மிதப்பு. அதெல்லாம் இருந்திருக்கும். ஆனா ஒரு சமூகமே சிக்கனமாக இருந்திருந்தாலும் சரக்குப் பெட்டகம் வந்திருக்கும். 1990களின் கடைசியில், அதாவது நாவல் முடிகிற சமயத்தில், தூத்துக்குடியில் சிங்கப்பூர் நிறுவனம் பங்கேற்ற பெட்டக முனையம் இயங்கத் தொடங்குகிறது. பெட்டிகள் கொழும்புக்குப் போய்ப் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. தோணி போன அதே தடம்தான், ஆனால் தண்டலுக்கு அங்கே வேலை கிடையாது. தோற்றவனின் வீட்டுக்குள் இவ்வளவு நெருக்கமாகப் போன நாவல், ஜெயித்தவனின் கணக்குப் புத்தகத்தை இன்னும் கொஞ்சம் புரட்டியிருக்கலாம்.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ இதற்கு நேர் எதிர்த் திசை. மணப்பாட்டுக் கரை, வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் பகை, குரூஸ் மிக்கேல், பிலோமி. சின்னப் புத்தகம், ஒரு வரி வீண் இல்லை. லாஞ்சு எதற்காக வந்தது என்பது அதன் கவலை அல்ல. வெளிநாட்டு இறால் சந்தை திறந்ததும் நம் கரையெல்லாம் விசைப்படகு பெருகியதை நாம்தான் வெளியே இருந்து சேர்த்துப் படிக்க வேண்டும். சேர்த்துப் படித்தால் அந்தப் பகை இன்னும் வலிக்கிறது. அடித்துக்கொள்கிற இரண்டு பேருமே ஒரே ஊர்க்காரர்கள். விலை சொல்கிறவன் அந்தக் கரைக்கே வரமாட்டான்.

இப்போ தருவைகுளத்துக்கு வாங்க. தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டிப் போகணும். இங்கத்திய விசைப்படகுகள் பெரும்பாலும் வழிவலைக்குப் போகிறவை. ஆழ்கடலில் பல நாள் தங்கிச் சூரையும் சீலாவும் கொண்டுவருபவை. 2023இல் இந்த ஊர்ப் படகு ஒன்றை மாலத்தீவு பிடித்துக் கோடிக்கணக்கில் அபராதம் போட்டது. அடுத்த வருஷம் இலங்கை நீதிமன்றம் இவ்வூர் மீனவர்களுக்குத் தலைக்குக் கோடிக்கணக்கான இலங்கை ரூபாய் விதித்தது. செய்தித்தாள் இதை எல்லைப் பிரச்சினை என்று எழுதி முடித்துக்கொள்கிறது. எவ்வளவு டீசல், எவ்வளவு கடன், என்ன விலைக்கு மீன் போனால் அத்தனை தூரம் போவது கட்டுப்படியாகும் என்பது அந்தச் செய்தியில் வராது. வரவேண்டிய இடம் நாவல்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது. அது பெரிதாகத் தாக்கியவற்றில் வளர்ப்பு இறாலும் ஒன்று. தூத்துக்குடியில் இறால் பதப்படுத்தும் ஆலைகள் உண்டு, அங்கே தோலுரிக்கிற வேலைக்குப் போகிறவர்களில் அதிகம் பெண்கள். வாஷிங்டனில் ஒரு கையெழுத்து விழுந்தால் அவர்களுடைய ‘இன்னிக்கு வேலை இருக்கா?’ என்கிற கேள்விக்குப் பதில் மாறுகிறது. பிலோமியின் பேத்தி வயசுக்காரி ஒருத்தி அந்த ஆலைக்கு வேன் ஏறுகிற நாவலை இன்னும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதப் போகிறவர் ‘கொற்கை’யில் நாம் தள்ளிவிட்ட பக்கங்களை ஒருதரம் படித்துவிட்டு ஆரம்பித்தால் நல்லது, தோணிக் கூலி எப்படிப் பிரிகிறது என்று பேசுகிற பக்கங்களை முதலில்.