செட்டுக்கு எவ்வளவு?

கோவில்பட்டியில் நாயனம் வாசித்துச் சம்பாதிக்க முடியுமா என்று கேட்டால், காருகுறிச்சி அருணாசலத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துவிடுவார்கள். அவர் நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். காவிரிக்கரைச் சொத்து என்று கருதப்பட்ட வாத்தியத்தைக் கரிசல் பூமியில் ஓங்கி ஒலிக்கவைத்தவர். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டியிட்ட நாயனம் அவருடையது. 1964-இல் இறந்தபோது ஐம்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை. அவர் சம்பாதித்தது உண்மைதான். ஆனால் அவர் ஒருவரை வைத்து மற்றவர்களின் அடுப்பை அளக்க முடியாது.

இங்கே கூலி பேசும் முறை பழையது. நாயனம், தவில், தாளம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு செட். கல்யாண வீட்டார் "செட்டுக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். நாயனக்காரர் ஒரே தொகையாகச் சொல்வார். வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கைமாறும். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து மறுநாள் முகூர்த்தம் முடியும்வரை எத்தனை மணி நேரம் வாசித்தாலும் அந்தத் தொகைதான்.

ஒருமுறை கழுகுமலையில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, மண்டபத்தின் பின்பக்கம் ஒரு செட் பங்கு பிரிப்பதைப் பார்த்தேன். துண்டை விரித்துப் பணத்தை வைத்தார்கள். வேன் வாடகை முதலில் போனது. அடுத்து நாயனத்தின் சீவாளிக்கு ஒரு நோட்டு. மீதியில் நாயனத்துக்கும் தவிலுக்கும் பெரிய பங்கு, தாளம் போட்ட பையனுக்குச் சின்னப் பங்கு. தவில்காரர் விரல்கூடுகளைக் கழற்றியபடியே எண்ணினார். எல்லார் கண்ணும் துண்டின் மேல் இருந்தது, ஒளிவுமறைவு இல்லை. இந்த முறையின் பெரிய பலம் அதுதான். கற்றுக்கொள்கிற பையனுக்கும் அதில் இடம் உண்டு. சுருதிக்கு ஒத்து ஊதியும் தாளம் போட்டும் நாலு காசு பார்த்துக்கொண்டே வித்தையைப் பிடித்த தலைமுறைகள் இப்படித்தான் வந்தன.

அந்த இடம்தான் இப்போது பறிபோகிறது. ஒத்து ஊதியவரின் இடத்தில் சுருதிப்பெட்டி உட்கார்ந்துவிட்டது. தொகையைக் குறைக்கச் சொல்லி வீட்டார் நெருக்கினால் நாயனக்காரர் அடுத்துக் கைவைப்பது பையனின் பங்கில். மொத்தத் தொகை என்ற ஏற்பாட்டின் ஓட்டை இதுதான்: பேரம் பேசுகிறவருக்கு உள்ளே யார் பங்கு அறுபடுகிறது என்று தெரிவதே இல்லை.

வருமானத்துக்கு நாள் கணக்கும் இடிக்கிறது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் இல்லை. வானம் பார்த்த பூமியில் பருத்தியும் மிளகாயும் வீடு வந்தபிறகுதான் கல்யாணமும் கோயில் கொடையும் களைகட்டும். எல்லாம் ஒரே நாட்களில் குவிவதால், கூப்பிடுகிற பாதி வீடுகளுக்குப் போக முடியாது. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவருக்கு வாரச் சம்பளம் உண்டு. இவருக்கு அது கிடையாது.

பியானோ, கீபோர்டு வாசிப்பவர்களுக்கும் கச்சேரியை மட்டும் நம்பினால் இதே பாடுதான். ஆனால் அவர்களுக்கு வீட்டு வகுப்பு இருக்கிறது. லண்டன் டிரினிட்டி காலேஜின் கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்தே குடும்பம் நடத்துகிறவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. நாயனத்துக்கு அப்படி மாதக் கட்டணம் கட்ட எந்த வீடு வரிசையில் நிற்கிறது? மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாயனமும் தவிலும் சொல்லித்தருகிறார்கள், நல்ல காரியம். ஆனால் அங்கே ஆசிரியர் வேலை கிடைப்பது ஓரிருவருக்கு.

பாடகர் விளாத்திகுளம் சாமிகளை இங்கே அடிக்கடி உதாரணம் காட்டுவார்கள். ராகத்தை மணிக்கணக்கில் பாடினார், அதைப் பிழைப்பாக்கவில்லை என்பார்கள். அவர் மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் அவர் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பற்றின்மையைக் காட்டி, வாடகை வீட்டில் இருக்கும் தவில்காரரிடம் தொகையைக் குறைப்பது அநியாயம்.

பங்கு முறையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மொத்தத் தொகை பேசுவதைத்தான் மாற்ற வேண்டும். பந்தலுக்கும் சமையலுக்கும் ஆள்வாரியாகக் கணக்குக் கேட்டு எழுதி வாங்குகிற வீட்டார், மேளத்துக்கும் அப்படியே எழுதட்டும்: நாயனம் இவ்வளவு, தவில் இவ்வளவு, நடைச் செலவு தனி. தாளம் போடும் பையனுக்கு ஒரு வரி, அதில் பேரம் கிடையாது.